நாற்பத்தொன்பது நாள் வாசித்த பெயர்

மகனே,

உன் விண்ணப்பம் கிடைத்தது. நீ அதைக் கடிதம் என்கிறாய். கடைசிப் பத்தியில் ஒரு கோரிக்கை, அதற்கு ஒரு காலக்கெடு, இணைப்பாக ஒரு படிவம் ஆகிய மூன்றும் இருப்பதால் அது விண்ணப்பம்தான். துபாயில் இருபது ஆண்டுகளாகப் பிறர் எழுதும் விண்ணப்பங்களைப் படித்து, விதிக்கு உட்பட்டதா இல்லையா என்று குறிப்பெழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். உன்னுடையதையும் அப்படியே படித்தேன். கர்நாடகத்துப் பைலகுப்பையில் உள்ள திபெத்திய மடம் ஒன்று உன்னைத் துறவியாகச் சேர்த்துக்கொள்ள இசைந்திருக்கிறது. பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் சேர்த்துக்கொள்ள அவர்களுடைய விதி இடம் தரவில்லை. உன் அம்மா, "அப்பா போட்டா நானும் போடறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். ஆகவே என் கையெழுத்து வேண்டும். விஷயம் இவ்வளவே. இதை எழுத நீ நான்கு பக்கங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறாய். அந்த நான்கு பக்கங்களில் 'கருணை' என்ற சொல் பதினொரு முறை வருகிறது. 'அம்மா' என்ற சொல் ஒரே ஒரு முறை, அதுவும் அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டிய இடத்தில் வருகிறது. இந்தப் பதிலை நீ மட்டும் படிக்க நான் எழுதவில்லை. உன் அம்மாவும் உன் தங்கை கயலும், அவர்கள் யாரிடம் காட்டுகிறார்களோ அவர்களும் படிக்கட்டும். மறைத்து வைக்க வேண்டிய வயதை நான் கடந்துவிட்டேன்.

எட்டு மாதங்களுக்கு முன்பு வரை உனக்குத் திபெத்து என்றால் பெங்களூரில் மோமோ விற்கும் கடை. அலுவலக நண்பர்களோடு சனி ஞாயிறு பைலகுப்பைக்குச் சுற்றுலா போனாய். தங்க நிறச் சிலைகளைப் பார்த்தாய். அடிவயிற்றிலிருந்து அவர்கள் ஓதும் ஒலியைக் கேட்டு மயிர்க்கூச்செறிந்ததாக எனக்குத் தொலைபேசியில் சொன்னாய். அடுத்த மாதம் ஐந்து நிறப் பிரார்த்தனைக் கொடிகளை வாங்கி விடுதி ஜன்னலில் கட்டினாய். அதற்கடுத்த மாதம், தட்டினால் ரீங்கரிக்கும் ஒரு வெண்கலக் கிண்ணத்தை வாங்கி அதன் ஒலியைத் தொலைபேசியில் எனக்குக் கேட்கவைத்தாய். நிமிடத்துக்கு இவ்வளவு என்று கார்டு போட்டுப் பேசுகிற தகப்பனுக்கு ஒன்றரை நிமிடம் கிண்ணத்தின் ஓசை! இப்போது வேலையை விட்டுவிட்டாய். வண்ண மணலில் மண்டலம் என்ற வட்டக் கோலத்தை வரைந்து, வரைந்ததைக் கலைத்துவிடுவார்களாம். நிலையாமையை இதைவிட அழகாக யார் சொல்ல முடியும் என்று கேட்கிறாய். நான் வசிக்கும் ஊரில் மணலைக் கொண்டு நிலையாமையைச் சொல்ல யாருக்கும் பயிற்சி தேவையில்லை. நீ புதிதாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தவன். முன்கூடத்து விளக்கையும் படங்களையும் பார்த்து மயங்கி நிற்கிறாய். அந்த வீட்டின் உள்ளறைக்குள் நான் ஒருமுறை போயிருக்கிறேன், செருப்புக் காலோடு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதை நான் உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அதற்கு முன் வேறொன்றைச் சொல்ல வேண்டும். உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் நான் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவேன் அல்லவா? முதலில் உன் அம்மா, பிறகு நீ, பிறகு கயல். ஆளுக்கு மூன்று கேள்வி, ஆம் இல்லை என்று பதில். ஒரு வெள்ளிக்கிழமை கயல் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்களோடு சினிமாவுக்குப் போயிருந்தாள். நான் கோபித்துக்கொள்வேன் என்று பயந்து, நீ குரலை மாற்றி, அவளாகப் பேசினாய். "சாப்புட்டேம்ப்பா, படிச்சேம்ப்பா, சண்ட போடலப்பா." எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் சிரிக்கவில்லை. மூன்று வெள்ளிக்கிழமைகள் உன்னோடு பேசாமல், உன் முறை வந்ததும் தொடர்பைத் துண்டித்தேன். சினிமாவுக்குப் போனவளை ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்காகப் பதில் சொன்னவனைத் தண்டித்தேன். அன்று அதை நேர்மைப் பாடம் என்று நினைத்தேன். ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்வதை என்னால் ஒருபோதும் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை என்பதை நீ இங்கே குறித்துக்கொண்டால் போதும்.

நான்கு கோடைகளுக்கு முன், துபாயின் புறநகரான சோனாப்பூரில் எங்கள் நிறுவனத்தின் தொழிலாளர் கேம்ப் என் பொறுப்பில் இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஆட்களைச் சைட்டுக்கு ஏற்றிப்போகும் பேருந்துகள் வாசலில் வரிசையாக நிற்கும். ஏறுவதற்கு முன் பெயர் வாசிப்பு. தலைமை அலுவலகத்திலிருந்து பட்டியல் வரும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் உரக்க வாசிக்க வேண்டும். உரியவர் 'ஹாஸிர்', அதாவது ஆஜர், என்று பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லையேல் எதிரே சிவப்பு மையில் குறிக்க வேண்டும். ஒரு பெயரைச் சேர்க்கவோ அடிக்கவோ கேம்ப்பில் யாருக்கும் அதிகாரம் கிடையாது. இந்த விதியை வகுத்த மூவரில் நானும் ஒருவன். விதிக்குக் காரணம் உண்டு: அதற்கு முன் வேலைக்கு வராதவர்களுக்கெல்லாம் நண்பர்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எட்டாம் எண் பேருந்தில் நோர்பு என்றொருவர் இருந்தார். நேபாளத்தில், காத்மாண்டுவுக்கு வடக்கே ஹேலம்பு மலைப்பகுதிக்காரர், கம்பி கட்டுபவர், முப்பது வயது இருக்கலாம். அந்த மலைக்காரர்கள் நேபாளக் குடிமக்களே ஆனாலும், மொழியும் மதமும் நீ இப்போது தேடிப் போகிறாயே, அதே திபெத்திய வழி. அவருடைய தம்பியும் அதே அறையில், அதே பேருந்தில். ஜூன் மாதம் ஒருநாள் மதியம் சைட்டிலிருந்து தலைசுற்றுகிறது என்று அறைக்கு அனுப்பப்பட்ட தம்பி, மாலையில் நோர்பு திரும்பி வந்தபோது கட்டிலிலேயே இறந்துகிடந்தார். அந்தத் தம்பியின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். ஏன் என்பது உனக்கே விளங்கும்.

உடல் பிணவறைக்குப் போயிற்று. தூதரகத் தாள்கள், காவல்துறைத் தாள்கள், நிறுவனத் தாள்கள் எல்லாம் முடிந்து உடல் விமானம் ஏற இருபது நாள் ஆகும் என்று கணக்கிட்டோம். கூடப் போக விடுப்பு வேண்டும் என்று நோர்பு என் முன்னால் வந்து நின்றார். அவசர விடுப்பு விதியை எடுத்துக் காட்டினேன்: தாய், தந்தை, மனைவி, குழந்தை. சகோதரன் பட்டியலில் இல்லை. "பாய் நஹீ லிக்கா ஹை?" என்று கேட்டார், தம்பி என்று எழுதவில்லையா என்று. இல்லை என்றேன். அவர் காகிதத்தை வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த ஆங்கிலப் பத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் நாள் வேலைக்கு வந்தார்.

இறந்தவரின் கணக்கைத் தலைமை அலுவலகம் முடிக்கும்வரை பெயர் பட்டியலில் இருக்கும். ஆகவே மறுநாள் காலையே அந்தப் பெயரை வாசித்தேன், பதில் இல்லை, சிவப்பு மை. மூன்றாம் நாளும் வாசித்தேன். அப்போது வரிசையிலிருந்து நோர்பு வெளியே வந்தார். அறுபது பேர் முன்னிலையில், கைகளைக் கட்டிக்கொண்டு, "சாப், ஏக் பாத். உஸ்கா நாம் மத் லீஜியே" என்றார். அவன் பெயரைச் சொல்லாதீர்கள். உடைந்த இந்தியில் காரணமும் சொன்னார். இறந்தவன் நாற்பத்தொன்பது நாள் நடுவழியில் இருப்பான். தான் இறந்தது அவனுக்கு முதலில் தெரியாது. எவராவது பெயரைச் சொன்னால், நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள், இன்னும் அங்கேதான் இருக்கிறோம் என்று திரும்பிப் பார்ப்பான். திரும்பிப் பார்த்தால் மேலே போகமாட்டான். கடைசி நாளில் அவன் பெயரை ஒரு தாளில் எழுதி எரிப்பார்கள். அதோடு பெயர் முடிந்தது, அவனுக்கு வேறு பிறப்பு. அதுவரை தாய்கூட அந்தப் பெயரை வாயில் எடுக்கமாட்டாள். "நீங்கள் பெரியவர், உங்கள் குரலும் பெரிது. அவனுக்குக் கேட்கும்" என்று முடித்தார்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். முருகேசன் என்று நம் அரியலூர்ப் பக்கத்து ஆள், பலகை அடிக்கும் தச்சர், பக்கத்திலிருந்தவனிடம் சொல்வது எனக்கும் கேட்டது: "செத்தாலும் சார் வுடமாட்டாருப்பா. மேல போனவனுக்கும் டூட்டி போட்டு பஸ்ஸ அனுப்புவாரு." அந்தச் சிரிப்பு நோர்புவைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. அது எனக்குப் புரிந்தது. நான் அவரிடம் "லைனில் போய் நில்" என்றேன். பிறகு, ஏற்கெனவே வாசித்து முடித்த அந்தப் பெயரை மீண்டும் ஒருமுறை, முன்பைவிட உரக்க வாசித்தேன்.

அந்த இரண்டாவது முறைக்கு எந்த விதியும் இல்லை, மகனே. உன்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். மற்றவை இதன் வால். பெயரைத் தாண்டிப் போக விதி என்னைத் தடுத்தது என்று நான் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். விதி வாசிக்கச் சொன்னது உண்மை. வாசித்தபின் மூன்று எண்ணும் நேரம் காத்திருக்க அது சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். மற்ற பெயர்களை வேகமாக வாசித்துவிட்டு, அந்தப் பெயருக்கு வந்ததும் நிறுத்தி, தெளிவாக உச்சரித்து, தலையைத் தூக்கி நோர்புவைப் பார்த்துவிட்டுத்தான் சிவப்புப் பேனாவை எடுப்பேன். எனக்கு அதில் ஒரு சுகம் இருந்தது. பி.எஸ்ஸி முடித்து, எம்.ஏ முடித்து, பதினாறு ஆண்டுகள் இந்த மணலில் என் குரலுக்கு எட்டாம் எண் பேருந்துவரைதான் வீச்சு என்று நினைத்திருந்தேன். என் குரல் செத்தவனையும் திருப்பிக் கொண்டுவரும் என்று ஒரு மனிதர் நம்பினார். அந்த நம்பிக்கையை நான் ஏளனம் செய்தேன், நாள் தவறாமல் பயன்படுத்தியும் கொண்டேன்.

இன்னொன்றும் செய்தேன். கேம்ப்பின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், பால்மாவு டப்பா ஒன்றில் நோர்பு மாலைதோறும் கரி போட்டு, மாவும் நெய்யும் தூவிப் புகைய விடுவதாகப் புகார் வந்தது. கேம்ப்புக்கு எதிரே பக்காலா என்னும் மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரை சாகுல் பாய்தான் மாவு கொடுத்தவர். நான் அவரைக் கூப்பிட்டு விசாரித்தேன். "சாம்பிராணி மாதிரி சார்," என்றார். "மௌத்தானவனுக்கு வயிறு கெடயாதாம், வாசனைதான் சாப்பாடாம். நாப்பத்தொம்பது நாளும் பசிக்குமாம்ல. மாவுக்குக் காசு வேணாம்ப்பான்னேன், கேக்கல மனுசன்." நான் நேராகத் தொட்டி ஓரத்துக்குப் போனேன். நோர்பு குந்தி உட்கார்ந்திருந்தார். தீ விதியைச் சொல்லி, அங்கிருந்த வாளித் தண்ணீரை டப்பாவில் ஊற்றினேன். ஊற்றியதோடு நின்றிருக்கலாம். "சாப்பாடு மெஸ்ஸில்தான். ரூம் ஆட்களுக்கு வெளியே அனுமதி இல்லை, உன் தம்பிக்கும்தான்" என்று இந்தியில் நகைச்சுவையாகச் சொன்னேன். அவர் டப்பாவைக் கவிழ்த்து, கரியை வடித்து, துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சாகுல் பாய் அன்று மாலை என் அறைக்கே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "சார், நீங்க படிச்சவுக. மௌத்தானவன் பேர எதுக்கு சார் தெனமும் கூப்புடுறீங்க? எங்கள்ல மௌத்தானவுகளுக்கு துஆ செய்வோம், ஆஜர் எடுக்கமாட்டோம்" என்றார். பட்டியல் தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறது என்றேன். "வரட்டும் சார். வாய் உங்களோடதுதானே?"  அதற்குப் பிறகு அவர் கடையில் நான் சாமான் வாங்குவதை நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியவன் நான், அவர் அல்ல.

இருபத்தோராம் நாள் உடல் ஊருக்குப் போனது. நோர்பு போகவில்லை. முப்பத்து மூன்றாம் நாள் காலை, நான் அந்தப் பெயரை வாசித்து நிறுத்தியபோது, "ஹாஸிர்" என்று பதில் வந்தது. பேருந்து ஓட்டுநர்கூடத் தலையை நீட்டிப் பார்த்தார். "யார் சொன்னது?" என்றேன். "நான்தான், சாப்" என்றார் நோர்பு. குரலில் கோபம் இல்லை, மிகவும் களைத்திருந்தார். "நீங்கள் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்கள். யாரும் பதில் சொல்லாவிட்டால் அவன் வந்து பார்ப்பான். நான் சொல்லிவிட்டால் வர வேண்டியதில்லை, போய்க்கொண்டே இருப்பான்."

அவனுக்குப் பதிலாக நான் இருக்கிறேன், அவனை விடு, என்று அவர் சொன்னார். எனக்கு விதி எண் மட்டும்தான் ஞாபகம் வந்தது. இன்னொருவர் பெயருக்குப் பதில் சொல்வது வருகை மோசடி. மூன்று எச்சரிக்கைகள், பிறகு பணிநீக்கம். முதல் எச்சரிக்கையை அன்றே தட்டச்சு செய்தேன். இனிச் சொல்லமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கோப்பை மூடிவிடுகிறேன் என்றும் சொன்னேன். "நீங்கள் கூப்பிடமாட்டேன் என்று எழுதித் தாருங்கள், நான் போடுகிறேன்" என்றார். அது பேரமாக எனக்குப் பட்டது. முப்பத்து நான்காம் நாளும் அவர் பதில் சொன்னார். முப்பத்தைந்தாம் நாளும் சொன்னார். மூன்று நாள், மூன்று எச்சரிக்கைகள். பத்துப் பன்னிரண்டு நாள் தம்பியின் உடலோடு ஊருக்குப் போய்வர அவருக்கு விடுப்பு இல்லை என்று சொன்ன நான், இரண்டே வாரத்தில் அவரை ஒரேயடியாக ஊருக்கு அனுப்ப மூன்று தாள்களில் ஏற்பாடு செய்துவிட்டேன். விசா ரத்தாகி டிக்கெட் வரும்வரை அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்றும் உத்தரவிட்டேன்.

முப்பத்தாறாம் நாள் நோர்பு வரிசையில் இல்லை. நான் அந்தப் பெயரை வாசித்தேன். பின்வரிசையிலிருந்து "ஹாஸிர்" என்று ஒரு குரல். நிமிர்ந்து பார்த்தேன், அறுபது முகங்களும் நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தன, ஒன்றும் நடக்காததுபோல். யார் என்று கேட்டேன். பதில் இல்லை. மறுநாள் வேறொரு குரல், வங்காளி உச்சரிப்பில். அதற்கு மறுநாள் பிகார்க்காரர் குரல். நாற்பதாம் நாளோ என்னவோ, "உள்ளேன் ஐயா" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலத் தமிழில் பதில் வந்தது. அது முருகேசனின் குரல் என்று சத்தியம் செய்வேன். என்னைக் கேலி செய்து சிரித்தவர்தான். அன்று அவர் சிரிக்கவில்லை; யாரும் சிரிக்கவில்லை. திபெத்து எங்கே இருக்கிறது என்று அந்த வரிசையில் பத்துப் பேருக்குக்கூடத் தெரியாது. அவர்கள் எவரும் மண்டலம் வரைந்ததில்லை, கிண்ணம் தட்டியதில்லை. வேலை போகும் என்று தெரிந்தும், முறை வைத்துக்கொண்டு, தங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு செத்த மனிதருக்காக நாளுக்கொருவராக நின்றார்கள். நான் அறுபது பேருக்கும் எச்சரிக்கைத் தாள் அடிக்க முடியாது. எனவே காது கேளாதவன்போல் ஒவ்வொரு நாளும் சிவப்பு மையில் 'வரவில்லை' என்று குறித்தேன். நாற்பத்து நான்காம் நாள் நோர்பு விமானம் ஏறினார். நாற்பத்தொன்பதாம் நாள்வரை பதில் வந்தது. ஐம்பதாம் நாள் வாசித்தேன். வரிசை மௌனமாக இருந்தது. அவர்கள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஐம்பத்து மூன்றாம் நாள் தலைமை அலுவலகம் பெயரை நீக்கியது. என் பதிவேட்டில் பிழை ஒன்றும் இல்லை. ஆண்டுத் தணிக்கையில் பாராட்டினார்கள்.

இப்போது உன் கோரிக்கைக்கு வருகிறேன். பெற்றோர் ஒப்புதல் என்ற விதி எப்படி வந்தது என்று விசாரித்தேன். மகனும் பேரனும் துறவியாகப் போய்விட்ட ஒரு கிழ அரசர், இனி எந்தத் தகப்பனுக்கும் சொல்லாமல் பிள்ளையை எடுத்துக்கொள்ளாதே என்று அந்த மகனான புத்தரிடமே போய்க் கேட்டதால் வந்த விதி என்று சொல்கிறார்கள். உன் நான்கு பக்கங்களில் நான் மதித்த ஒரே செய்தி அந்த விதிதான். வலியை அறிந்தவர் கேட்டு, காரணமானவர் ஒப்புக்கொண்டு எழுதியது. அத்தகைய விதி ஒன்றைக்கூட நான் என் வாழ்நாளில் எழுதியதில்லை.

உன் இடத்தில் வேறு எவன் கேட்டிருந்தாலும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன், அல்லது முடியாது என்று இரண்டு வரியில் எழுதியிருப்பேன். என் மகன் அந்த உடையை உடுத்திக்கொண்டு, உலகத்து உயிர்களுக்கெல்லாம் பிரார்த்தனை செய்து, அதில் என்னையும் சேர்த்துக்கொண்டு, நான் ஒரு தகப்பன் என்ற தகுதியில் சலுகை விலையில் மன்னிக்கப்படுவதை நான் விரும்பவில்லை. அந்த மதத்தில் ஒருவரை நான் அவமதித்தேன். அதற்குள் என் வீட்டிலிருந்து ஒருவன் நுழைய அனுமதி தர வேண்டியவன் நான் அல்ல.

ஆகவே போன மாதம், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, சாகுல் பாய் கடைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வெறுப்பா மரியாதையா தெரியவில்லை. நோர்பு எங்கே என்று தெரியுமா என்று கேட்டேன். "தெரியாம என்ன சார், பெருநாளைக்குப் பெருநாள் போன் போடுவேன்ல. ஊருலதான் இருக்காரு. உருளக்கெழங்கு போடுறாராம், ரெண்டு பிள்ளைக. திரும்ப வரமுடியாதபடி நீங்கதான் தடை போட்டுவுட்டீகளே" என்றார். என் முன்னாலேயே எண்ணைச் சுழற்றினார். கிராமத்துக் கடையில் ஒரு தொலைபேசி. ஆளைக் கூட்டிவர அரை மணி. உன் படிவத்தைப் பற்றி அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்; பேசும் வேலையையும் அவரிடமே விட்டேன். சாகுல் பாய்தான் எல்லாம் சொன்னார்: சாபின் மகன் உங்கள் மதத்தில் துறவியாகப் போகிறான், ஒப்புதல் தாளை உங்களுக்கு அனுப்பட்டுமா என்கிறார் என்று.  அந்தப் பக்கம் நோர்பு ஏதோ கேட்டார். சாகுல் பாய் என்னைப் பார்த்தார். "இன்னும் பேரு வாசிக்கிறீகளான்னு கேக்குறாரு சார்." ஆமாம் என்று தலையசைத்தேன். சாகுல் பாய் அதைச் சொன்னார். "அனுப்பச் சொல்றாரு" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். அனுப்பினால் என்ன செய்வார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை.

உன் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முறைப்படி சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அது உனக்கு வராது. நான் தட்டச்சு செய்த மூன்று எச்சரிக்கைகளின் நகல்களோடு, பதிவுத் தபாலில் நோர்புவுக்கு அனுப்பியாயிற்று. சேர்ந்ததென்று நேற்று சாகுல் பாய்க்குத் தகவல் வந்தது. காத்மாண்டுவிலிருந்து வடக்கே போகும் பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அங்கிருந்து ஒரு நாள் மேலே நடக்க வேண்டுமாம். முழு முகவரியை அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்; அவளிடம் கேட்டு வாங்கிக்கொள், அதற்காகவாவது அவளோடு பேசு. மடத்தின் கெடு இந்த மாத இறுதி என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் போய்வருவது கடினம் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறேன். நீ போகாமலே இருந்துவிடட்டும் என்று என் மனத்தில் பாதி நினைக்கிறது. அதை மறைத்து, உன் நன்மைக்காக என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போனால், அவர் உன்னை உள்ளே கூப்பிடாமல் இருக்கலாம். வெளியே நிற்க வைக்கலாம். ஒரு நாள் கழித்து வா என்று சொல்லி அனுப்பலாம். நில். இரண்டு நாள் என்றால் இரண்டு நாள் நில். நீ படித்ததில் ஒரு வரியைக்கூட அவரிடம் பேசாதே. கொடி, கிண்ணம், மணல் என்று எதையாவது சொல்லித் தொலைக்காதே; அவருக்கு அவை வீட்டுச் சாமான்கள். எனக்காக மன்னிப்பும் கேட்காதே. நீ எனக்காகப் பதில் சொல்லக் கூடாது. இந்த ஒரு விஷயத்திலாவது எங்கள் கேம்ப் விதி சரியானது. உன் தாளை மட்டும் கேள். கொடுத்தால், அதில் அம்மாவின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு மடத்துக்குப் போ. இங்கே வந்து என்னிடம் விடைபெற வேண்டாம். அவர் கொடுக்க மறுத்தாலோ, உன் கண்ணெதிரே அதை அடுப்பில் போட்டாலோ, அதையே என் பதிலாக எடுத்துக்கொள். நான் இரண்டாவது பிரதி எழுதமாட்டேன்.

உன் தகப்பன்